இன்ஜின் நின்ற பிறகும் விமானம் பறக்கும்

2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 ரகப் பயிற்சி விமானம் ஒன்று, திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் கீரனூர் பக்கம் அவசரமாக இறங்கியது. லாரியும் பஸ்ஸும் ஓடுகிற ரோடு அது. விமானத்தின் முன்பகுதி சேதமானது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் படம் செல்போனுக்குச் செல்போன் தாவிய நாளிலிருந்து, டீ குடிக்கிற இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான். பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் தம்பி ஒருவர் அதை நேராகவே கேட்டார்: "ஏண்ணா, இன்ஜின் நின்னுட்டா பொத்துனு விழுந்துடாதா?"

அவர் சும்மா பொழுதுபோக்குக்குக் கேட்கவில்லை. சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது. அங்கே விமானப் பயிற்சியும் நடக்கிறது. அங்கிருந்து மேலேறி வடக்கே திரும்பினால் சில நிமிடங்களில் தொப்பூர் கணவாய், அதைத் தாண்டினால் தருமபுரி மாவட்டம். கரடும் காடும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற நம் நிலத்தின் மேல் ஒரு சின்ன விமானத்தின் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதனால் பொறுமையாகவே பார்த்துவிடுவோம்.

பொத்தென்று விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கை. இறக்கையைச் சுற்றிப் போதிய வேகத்தில் காற்று ஓடிக்கொண்டிருக்கும்வரை அது தாங்கிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் இன்ஜினின் வேலை. இன்ஜின் கைவிட்டால் வேகத்தை உயரத்திலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் உயரம் மெதுவாகக் கரையும், வேகம் நிலைக்கும். இறக்கத்தில் பெடல் போடாமல் சைக்கிள் உருளுகிற கணக்குதான்.

செஸ்னா 172-க்கு இதற்கென்று ஒரு வேகம் உண்டு: மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர். அதைப் பிடித்து நிறுத்தினால், ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றது என்று வையுங்கள். காற்றில்லாத நாளில் எட்டு கிலோமீட்டர் வரை போகலாம். கையில் நான்கு நிமிடம் இருக்கும். தருமபுரி பஸ் நிலையத்துக்கு மேலே இன்ஜின் நின்றால் அதியமான்கோட்டை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பெரிய விமானங்களுக்கும் இதே விதிதான். 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே எரிபொருள் கசிந்து தீர்ந்து, இரண்டு இன்ஜினும் நின்றுபோனது. உள்ளே 306 பேர். இன்ஜின் இல்லாமலே சுமார் 120 கிலோமீட்டர் வந்து, அசோர்ஸ் தீவுகளில் ஓர் ஓடுதளத்தில் இறங்கியது. அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

ஆனால் நம் மாவட்டத்தில் இந்த நான்கு நிமிடக் கணக்கு ஏமாற்றிவிடும். விமானத்தில் உயரம் காட்டும் கருவி வழக்கமாகக் கடல் மட்டத்திலிருந்துதான் அளந்து சொல்லும். காமலாபுரம் ஓடுதளமே கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,000 அடியில் இருக்கிறது. தொப்பூர் ஏறி தருமபுரிக்கு வந்தால் தரை சுமார் 1,500 அடிக்கு வந்துவிடும். கருவியில் 3,000 என்று இருந்தாலும் காலுக்குக் கீழே உண்மையில் இருப்பது பாதிதான். நான்கு நிமிடம் இரண்டு நிமிடமாகிவிடும். காமலாபுரத்துக்குக் கிழக்கே சேர்வராயன் மலை 1,600 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் போனால் தரை இன்னும் நெருங்கி வரும். இங்கே பறக்கிறவர் கருவியையும் பார்க்க வேண்டும், ஜன்னலுக்கு வெளியே தரையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி: நன்றாக ஓடுகிற இன்ஜின் ஏன் நிற்கிறது? செஸ்னா 172-ல் இருப்பது காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ, அதாவது பேட்டரி இல்லாமலே தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி. பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். ஒரு மேக்னெட்டோ போனாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டு போகும். இவ்வளவு இருந்தும் நிற்கிறது என்றால் வால்வு உடையலாம், ஆயில் அழுத்தம் போகலாம். ஆனால் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் காரணம் எரிபொருள் சம்பந்தப்பட்டதுதான். டேங்கில் தீர்ந்திருக்கும், டேங்கை மாற்றும் திருகு தவறான பக்கத்தில் இருக்கும், அல்லது பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் இறக்கையின் அடியிலுள்ள வால்வைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். விமானப் பெட்ரோல் இளநீல நிறத்தில் இருக்கும். அடையாளத்துக்காகவே சாயம் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது கனமாக அடியில் தனியே தேங்கி நிற்கும். இரவில் பாதி காலியாக நிற்கும் டேங்கில் ஈரம் படிந்து துளிகளாகச் சேருவது சாதாரணம். மார்கழிப் பனியில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் பலருக்கு நம்பவே முடியாதது: கார்புரேட்டரில் பனிக்கட்டி. "நம்ம ஊரு வெயில்ல ஐஸா?" என்று தம்பி சிரித்தார். உண்மைதான். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பநிலை இருபது டிகிரிக்கு மேல்கூடச் சட்டென்று இறங்கிவிடும். மழை விட்ட ஈரமான காலை, வெளியே 22 டிகிரி என்றால், உள்ளே உறைநிலைக்குக் கீழே போக வாய்ப்பு இருக்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். இன்ஜின் இருமும், பலம் குறையும், நின்றும் போகும். இதற்காகவே சூடான காற்றை உள்ளே விடும் ஒரு குமிழ் கார்புரேட்டர் உள்ள விமானங்களில் இருக்கிறது. நேரத்தோடு அதை இழுத்தால் பனி கரைந்து இன்ஜின் மறுபடி உறுமும்.

சரி, நின்றேவிட்டது. முதல் ஒரு நிமிடத்தில் விமானி செய்ய வேண்டியதை இந்த வரிசையில்தான் பழக்குகிறார்கள். முதலில் வேகம்: மூக்கைத் தாழ்த்தி அந்த 120-ஐப் பிடி. இரண்டாவது இடம்: எங்கே இறங்கப் போகிறோம் என்று முடிவு செய்து அந்தப் பக்கம் திரும்பு. அதன் பிறகுதான் காரணம்: டேங்க் திருகு சரியா, சூட்டுக் குமிழ் இழுத்தாயிற்றா, சுவிட்சுகள் சரியா, மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா. கடைசியாகப் பேச்சு: ரேடியோவில் "மேடே" என்று மூன்று முறை, நாம் யார், எங்கே இருக்கிறோம், எத்தனை பேர். ரேடார் திரைகளில் ஆபத்து என்று காட்ட 7700 என்ற எண்ணைப் போட வேண்டும். பேச்சு கடைசியில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரால் விமானத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது. விமானியின் கையால்தான் முடியும்.

பயிற்சியில் ஆசிரியர் முன்னறிவிப்பு இல்லாமல் இன்ஜினின் பலத்தை அடியோடு குறைத்து, "இன்ஜின் போயிடுச்சு, என்ன செய்வே?" என்று கேட்பார். மாணவர் இடம் பார்த்து, அதை நோக்கி இறங்கி, குறித்த உயரம் வந்ததும் மறுபடி பலம் கொடுத்து மேலேறுவார். அதனால் தலைக்கு மேலே விமானச் சத்தம் அடங்கி, கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தால் பதற வேண்டியதில்லை. அது பாடமாக இருக்கலாம்.

பாடத்தில் அழுத்தி அழுத்திச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் இரண்டு. தூரம் எட்டாதது போலத் தெரியும்போது மூக்கைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும், தூக்கவே கூடாது. தூக்கினால் வேகம் செத்து, இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, அப்போதுதான் விமானம் உண்மையிலேயே விழும். அடுத்தது, கிளம்பிய உடனே தாழ்வான உயரத்தில் இன்ஜின் நின்றால் ஓடுதளத்துக்குத் திரும்பிப் போக ஆசைப்படக் கூடாது. கூர்மையாகத் திரும்பும்போது இறக்கைக்குச் சுமை கூடுகிறது, உயரமும் வேகமாகக் கரைகிறது. நேரே எதிரில் கிடைப்பது சோளக்கொல்லையாக இருந்தாலும் அங்கேயே இறங்குவது மேல். இப்படித் திரும்பப் பார்த்து உயிரை விட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இனி இடம். நம் மாவட்டத்தை விமானியின் கண்ணால் ஒரு முறை பார்ப்போம்.

மேலிருந்து பார்த்தால் பச்சை நிறம் எல்லாம் மெத்தை போலத் தெரியும். அதை நம்பக் கூடாது. நடவு முடிந்த நெல் வயல் சமதளம்தான், ஆனால் சேற்றில் சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழும். பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கத்துத் தக்காளிக் கொல்லை தாழ்வாகத் தெரியும். கிட்டே போனால் வரிசை வரிசையாகக் குச்சி நட்டுக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். கரும்பின் தலை தட்டையாகத் தெரியும். அந்தத் தட்டைக்குக் கீழே ஆளுயரத்துக்கு மேல் தண்டு நிற்கிறது. தென்னந்தோப்பு அடியோடு வேண்டாம், அந்த மரம் வளைந்து கொடுக்காது. நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு ஆபத்தும் உண்டு: கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய இறவைக் கிணறு. மேலிருந்து பார்த்தால் ஒரு நிழல் போலத்தான் இருக்கும்.

நல்ல இடம் எது? கேழ்வரகோ சாமையோ அறுத்து முடித்து, மாடு மேயவிட்ட கொல்லை. மண் இறுகியிருக்கும், தாள் குட்டையாக இருக்கும். உழுத நிலமாக இருந்தால் சாலோடு சாலாக இறங்க வேண்டும், குறுக்கே இறங்கக் கூடாது. வரப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வற்றிய ஏரி அகலமாகக் கண்ணை இழுக்கும். ஆனால் நம் ஏரிகள் பலவற்றில் சீமைக்கருவேலமும் மண் எடுத்த குழியும் நிறைந்திருக்கும். ஓகேனக்கல் பக்கம் காவிரி பாறைப் பள்ளத்தாக்கு, அங்கே நினைக்கவே வேண்டாம்.

ரோடு? தம்பி உடனே கேட்டார்: "அதான் கீரனூர்ல ரோட்டுலயே எறக்குனாங்களே?" ரோடு நீளமானது, கெட்டியானது, ஆம்புலன்ஸ் உடனே வரும். அந்த வகையில் நல்லதுதான். ஆனால் 172-ன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். நடுவில் தடுப்பு, ஓரத்தில் விளக்குக் கம்பம், பெயர்ப்பலகை, குறுக்கே மின்கம்பி, எதிரே எதையும் எதிர்பாராமல் வரும் குடும்பங்கள். தொப்பூர் கணவாயின் வளைவையும் லாரி வரிசையையும் நினைத்துப் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத கொல்லை கிடைத்தால், அது கரடாக இருந்தாலும், ரோட்டில் போகிறவர்களுக்கு அது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பயங்கரம் மின்கம்பி. காற்றிலிருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பம்தான் தெரியும். கம்பம் வரிசையாக நின்றால் இடையில் கம்பி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டே இடம் தேட வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கம் ஒவ்வொரு கொல்லைக்கும் மோட்டார் லைன் போகிறது. அந்தத் தாழ்ந்த லைன்தான் கடைசி நொடியில் எதிரே வரும்.

காற்றையும் படிக்க வேண்டும். எதிர்க்காற்றில் இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும். செங்கல் சூளைப் புகை, வெல்லம் காய்ச்சும் ஆலையின் புகை, ஏரித் தண்ணீரில் ஓடும் சிற்றலை, பனையோலை சாயும் பக்கம் எல்லாமே காற்று வரும் திசையைச் சொல்லும்.

பென்னாகரம் காட்டின் மேலோ சித்தேரி மலையிலோ நின்றுபோய், கொல்லையே கண்ணில் படவில்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. சரிவில் இறங்கும்போது மேட்டை நோக்கி ஏறுமுகமாக இறங்க வேண்டும். இறக்கத்தை நோக்கிப் போனால் தரை விலகிக்கொண்டே போகும், விமானம் நிற்காது. மரங்கள்தான் என்றால் அடர்ந்து தாழ்ந்த தழைகளைத் தேர்ந்து, அதன் உச்சியையே தரையாக நினைத்து, முடிந்தவரை மெதுவாக உட்கார வேண்டும். பெரிய அடிமரம் மட்டும் நேராக மூக்கில் மோதக் கூடாது. இறக்கை பிய்ந்தால் பிய்யட்டும். பிய்கிற ஒவ்வொரு துண்டும் மோதலின் வேகத்தைத் தின்கிறது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்: இன்ஜின் நின்ற நொடியிலிருந்து அந்த விமானம் காப்பாற்ற வேண்டிய பொருளே அல்ல. உள்ளே இருக்கும் ஆளும் கீழே இருக்கும் ஆளும்தான் காப்பாற்றப்பட வேண்டியவர்கள். விமானத்தைக் கீறல் இல்லாமல் இறக்கப் பார்ப்பவர் எட்டாத ஓடுதளத்துக்கு ஆசைப்படுவார், மூக்கைத் தூக்குவார், வேகத்தை இழப்பார். விமானம் போனால் போகட்டும் என்று தீர்மானித்தவர்தான் பக்கத்திலிருக்கும் சுமாரான கொல்லையில் நிதானமாக இறக்குவார்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. இடுப்பு பெல்ட்டும் தோள் பெல்ட்டும் சரியாகப் போட்ட ஒருவர், தன் எடையைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தைக் கண நேரம் தாங்க முடியும் என்று எடுத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் விமானம் ஒரே சீராக நின்றால், அந்த வரம்புக்குள் நிற்க மூன்று மீட்டர்கூட வேண்டாம். அதுவே 160 என்றால் பதினோரு மீட்டருக்கு மேல் வேண்டும். மெதுவாக வந்தவருக்கு ஒரு புதரும் இரண்டு வரப்பும் போதும். 172 தன் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடிப்புப் பலகைகளை முழுதாக இறக்கிவிட்டால் மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் தரையைத் தொடும். கொஞ்சம் எதிர்க்காற்றும் இருந்தால் இன்னும் குறையும். 2022 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் இந்தாப்பூர் வட்டத்தில், செஸ்னா 152-ல் தனியாகப் பறந்த பயிற்சி மாணவி ஒருவர் வயலில் வந்து இறங்கினார். விமானம் நொறுங்கியது; அவர் காயத்தோடு பிழைத்தார்.

தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இன்னும் சில வேலைகள் உண்டு. பெட்ரோல் வழியை அடைக்க வேண்டும், மேக்னெட்டோவையும் மின்சாரத்தையும் அணைக்க வேண்டும். தீ பிடிக்காமல் இருக்க இது. கதவின் தாழை எடுத்துவிட வேண்டும். மோதலில் சட்டம் நெளிந்து கதவு மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது. அவசர ஒலிபரப்பி இருந்தால் மோதிய அதிர்ச்சியில் தானே இயங்கி, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கூப்பிடும். இந்தியாவுக்கான அந்தச் சமிக்ஞைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இஸ்ரோவின் மையம் பெங்களூரில்தான் இருக்கிறது.

"அது சரிண்ணா. நம்ம கொல்லையிலயே வந்து எறங்குனா நாங்க என்னா பண்றது?" இதைத்தான் தம்பி கடைசியாகக் கேட்டார். ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

முதலில் 112-க்கும் 108-க்கும் போன். அடுத்தது நெருப்பு. 172-ன் பெட்ரோல் டேங்க் இறக்கைக்குள்ளே, பயணிகளின் தலைக்கு மேலே இருக்கிறது. நிறைத்தால் ரகத்துக்குத் தகுந்தபடி 150 முதல் 200 லிட்டருக்கு மேலும் பிடிக்கும். பீடி, சிகரெட், பக்கத்தில் பைக் ஸ்டார்ட் செய்வது எதுவும் கூடாது. மூன்றாவது புரொப்பெல்லர். நின்றுவிட்டதே என்று கை வைக்காதீர்கள். மேக்னெட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை. உள்ளே ஒரு ஒயர் அறுந்திருந்தால், கையால் சும்மா திருப்பினாலே இன்ஜின் ஒரு சுற்று வெடித்துச் சுழன்று கையை எடுத்துவிடும். அடிபட்டவர் மூச்சு விட்டுக்கொண்டு, தீயும் இல்லாமல் இருந்தால், இழுத்துப் போடாதீர்கள். கழுத்தும் முதுகெலும்பும் அசையக் கூடாது. தீ வந்தால் மட்டும் யோசிக்காமல் வெளியே இழுங்கள்.

அதன் பிறகு கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். செல்ஃபிக்காக இறக்கை மேல் ஏறுவது, உடைந்த துண்டை ஞாபகத்துக்கு எடுத்துப்போவது இரண்டும் விசாரணையைக் கெடுக்கும். விமான விபத்துகளை ஆராய 2012-லிருந்து ஒன்றிய அரசில் விமான விபத்து விசாரணைப் பிரிவு இருக்கிறது. உலகம் முழுக்க இந்த வகை விசாரணையின் நோக்கம் தண்டிப்பது அல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது. டேங்க் திருகு எந்தப் பக்கம் இருந்தது, சூட்டுக் குமிழ் இழுத்திருந்ததா, டேங்கில் எவ்வளவு மிச்சம் என்ற சின்னச் சின்ன விவரங்களே அவர்களுக்குச் சாட்சி. உங்கள் கை படாமல் இருந்தால்தான் அந்தச் சாட்சி பேசும்.

அடுத்த முறை "விமானம் விழுந்துவிட்டது" என்று செய்தி வந்தால் உடைந்த மூக்கைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வேகத்தில் தரையைத் தொட்டது? விமானியின் கட்டுப்பாட்டில் தொட்டதா? இன்ஜின் நின்றது யாருடைய தவறு என்பதை விசாரணை சொல்லட்டும். உள்ளே இருந்தவர்கள் தாங்களாக நடந்து வெளியே வந்தார்கள் என்றால், ஒருவர் அந்தச் சில நிமிடங்களில் விமானத்தை விட்டுக்கொடுத்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். அவருக்கு நாம் தர வேண்டியது மரியாதைதான்.